இருட்டைக் காக்கும் வேலை

ஆளுக்கொரு பொறுப்பு என்று பிரித்தார்கள்.
நகரசபை வாளிகள் கொடுத்தது.
ஓடைக் குழு முழங்கால் பூட்ஸ் கொடுத்தது,
பதினெட்டுச் சோடி, ஏழு ஒழுகும்.
பள்ளிக்கூடம் பதினெட்டுப் பிள்ளைகளைக் கொடுத்தது,
கூடவே மூன்று பக்கத்துக்கு ஒவ்வாமைப் பட்டியல்.
டூங்காபி நூலகத்தின் பங்கு ஓர் அலமாரி.
அதன் சாவி என்னிடம்.

உள்ளே ஒரு கட்டுத் தாள்.
ஏதோ இரண்டு உப்பைக் கரைத்து
முந்தின இரவு இலியாஸ் பூசிக் காயவைத்தது.
வெயில் பட்டால் நீலம், படாத இடம் வெள்ளை,
அதற்கு முன்னால் ஒரு கீற்றும் படக்கூடாது என்றான்.
ஆக, என் வேலை
இருட்டைக் காப்பது.

பதினொரு வருஷமாய்ப் புத்தகம் காக்கிறேன்.
புத்தகம் திரும்பாவிட்டால் கடிதம் போடலாம்.
இருட்டு போனால் யாருக்கு எழுதுவது?

ஒன்பதரைக்கு வந்தார்கள்.
"உள்ளே என்ன?"
"ஒன்றுமில்லை."
"ஒன்றுமில்லாததுக்கு எதுக்குப் பூட்டு?"
அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

ஓடை எங்கேயோ இல்லை,
கார் நிறுத்துமிடத்தின் வேலிக்கு அப்பால்தான்.
பாதிப் பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை.
பேருந்து ஜன்னலில் ஒரு நொடி பச்சை,
அதற்குள் பாலம் முடிந்துவிடும்.

தாருக் இனத்து ரெனி முதலில் இறங்கினாள்.
தன் மொழியில் தண்ணீரிடம் ஏதோ சொன்னாள்,
பெரிய பேச்சாக இல்லை,
ஆட்கள் வருகிறார்கள் என்று
அடுப்படிக்குச் சேதி சொல்வது போல.
பிறகுதான் கையசைத்தாள்.

சவுக்கு ஊசி, யூக்கலிப்டஸ் பட்டை,
குப்பைத் தொட்டியை விட்டு நகராத
ஐபிஸ் பறவையின் ஓர் இறகு.
விலாங்கைக் கண்டதாக நான்கு பேர் சத்தியம் செய்தார்கள்.
அது வாளிக் கயிறு என்றாள் ஐந்தாவது சிறுமி.

எல்லாம் தயார். வானம் மட்டும் மூடிக் கிடந்தது.
"சூரியனுக்கு யார் பொறுப்பு?" என்றான் ஷர்பெல்.
கூட்டக் குறிப்பைப் புரட்டினேன்,
அந்த வரியில் யாரும் கையெழுத்து வைக்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு மேகம் கிழிந்தது.
கறுப்பு உறைக்குள் இருட்டைத் தூக்கிக்கொண்டு
வயிற்றில் நெருப்புடன் ஓடினேன்,
இந்த வயதில், அந்தச் செருப்பில்.

தாளின் மேல் எல்லாரும் இலை வைத்தார்கள்.
மெலே வைத்தது ஒரு சிப்ஸ் பாக்கெட்.
"அது குப்பை கண்ணே, என் சாக்கில் போடு" என்றாள் கார்மெல்,
பத்தொன்பது வருஷமாய் அந்த ஓடையில்
குனிந்து பொறுக்குகிறவள்.
"இதுவும் இங்கேதான் இருந்தது."
"அதைத்தானே ஒழிக்கப் பார்க்கிறோம்!"
"இருக்கட்டுமே" என்றான் இலியாஸ்.
"உனக்கென்ன, நீ ஒருநாள் வந்து போகிறவன்."
எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத சண்டை.
அவர்கள் பேசி முடிப்பதற்குள்
ஆறு நிமிடம் ஆகிவிட்டது.
வெயில் இருவரையும் கேட்கவில்லை.

வாளியில் அலசினோம்.
மஞ்சள் கரைந்து போக
கீழிருந்து நீலம் ஏறியது.
நான்கூட "ஐயோ" என்றேன், பிள்ளைகளுக்கு முன்னால்.
மெலேயின் தாளில்
ஓரம் கிழிந்த வெள்ளை ஒன்று மிதந்தது,
எந்த மீனும் இல்லை, ஆனாலும் நீந்தியது.

கார்மெல் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.
பாக்கெட்டை எடுத்துத் தன் சாக்கில் போட்டாள்.
தாளை எடுத்துக் கொடியில்
தானே கவ்வி போட்டாள்.

நூலக ஜன்னலில் பதினெட்டு நீலம்.
ஜனவரி வெயில் சும்மா விடுமா,
மாதக் கடைசியில் வெளிறிப் போய்விட்டன,
பல தடவை துவைத்த பள்ளிச் சட்டை போல.
இலியாஸுக்குப் போன் செய்தேன்.
"இருட்டில் வை" என்றான், "திரும்பி வரும்."

இரண்டு வாரமாய் அலமாரியில் இருக்கின்றன.
திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கிறது.
நேற்று மெலே வந்தாள்,
கையில் துருப்பிடித்த ஒரு சைக்கிள் மணி,
ஓடையில் கிடந்ததாம்.
அடுத்தது எப்போது என்று கேட்டாள்.
இந்த வருஷத்துப் பணம் இன்னும் வரவில்லை.
வரலாம், வராமலும் போகலாம்.
மணியை வாங்கி
அவள் பெயரெழுதிய சீட்டு ஒட்டி
உள்ளே வைத்துப் பூட்டினேன்.